யாமிராவைக் கூப்பிட்டவள்

மே 28, புதன்

தம்பி நாயகத்துக்குப் பெண் குழந்தை. நல்ல எடை, நல்ல குரல். மூக்கு மட்டும் எங்கள் வீட்டு மூக்கு. அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

புதன்கிழமை எங்கள் கிளினிக்கில் ஊசி நாள். கோவில்பட்டியில் பிறந்த பிள்ளையெல்லாம் ஒரே நேரத்தில் அழுகிற நாள். பேர் கூப்பிட என்னை விட்டால் ஆள் கிடையாது. சாயங்காலம்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். தம்பி பெண்டாட்டி ரம்யா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பிள்ளையை நான் தூக்கினேன். நர்ஸ் வந்து கேட்கும்வரை கீழே விடவில்லை.

மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த இந்த டைரி ஜனவரியிலிருந்து சும்மா கிடந்தது. இன்றுதான் எழுத ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது.

ஜூன் 1, ஞாயிறு

ரம்யா பிள்ளையோடு கழுகுமலைக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஆடி பிறக்கும் முன்னால், ஜூலை பதின்மூன்றில் பேர் விடுகிற விசேஷம். பிள்ளையை மடியில் வைத்துக் காதில் மூன்று தடவை பேர் சொல்ல வேண்டியது அத்தை. நாயகத்துக்குக் கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

யோசிக்க இருக்கிறது என்கிறாள் ரம்யாவின் பெரியம்மா. காரில் ஏறும்போது என் காதில் விழட்டும் என்றே சொன்னாள்.

"புருசன் கூட வாழாம கோர்ட்டுல தீத்துக்கிட்டு வந்தவ, பிள்ளை பெறாதவ. நல்ல காரியத்துல முதல் வாய்ச்சொல்லு அவளோடதா இருக்கணுமா? மாப்பிள்ளையோட சித்தப்பா மக மலர்க்கொடி இருக்கா, மூணு பெத்தவ."

நான் கார்க் கதவை நல்லா அடித்துச் சாத்தினேன். பெரியம்மாவின் சேலைத் தலைப்பு மாட்டிக்கொண்டது. வேண்டுமென்று செய்யவில்லை.

ஜூன் 4, புதன்

இன்றைக்கு ஊசிக்கு நாலு தன்விகா, மூன்று ரித்திக், இரண்டு சாய் என்னவோ. "தன்விகா" என்று ஒரு குரல் கொடுத்தேன், நாலு தாய்மார் எழுந்துவிட்டார்கள். அப்புறம் என் வழக்கப்படி இருமல் தன்விகா, மஞ்சள் சட்டை தன்விகா, அழுமூஞ்சி தன்விகா, குண்டு தன்விகா என்று பிரித்து அனுப்பினேன். பதினாலு வருஷமாக இப்படித்தான். யாரும் வருத்தப்பட்டதில்லை.

உலகத்தில் யாருக்கும் இல்லாத பேராக வைக்கவேண்டும் என்று தேடித்தேடி, எல்லாரும் ஒரே போனில் ஒரே பேரைக் கண்டுபிடிக்கிறார்கள்.

ஜூன் 8, ஞாயிறு

ரம்யா போன் பண்ணினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள், ஏதோ நகைக்கடையில் கன்னம் வைத்துத் திருடப்போகிறவள் மாதிரி.

"மைனி, பேரு முடிவாயிட்டு. நீங்கதான காதுல சொல்லணும், வாய் பழகட்டும்னு முன்கூட்டிச் சொல்லுதேன். உங்க தம்பிக்கும் எனக்கும் உங்களுக்கும் மட்டுந்தான் தெரியும். யார்ட்டயும் மூச்சு விட்றாதிய."

"சொல்லு."

"யாமிரா."

"அப்படின்னா?"

"அப்படின்னா ஒண்ணும் இல்ல மைனி. நானாச் செஞ்ச பேரு. ஏழாம் மாசம் படுத்தே கெடந்தேம்லா, அப்ப சும்மா வாயில போட்டு உருட்டிக்கிட்டே இருந்தேன். வந்துச்சு. போன்ல தேடிப் பாத்தேன், ஒருத்தருக்கும் கிடையாது."

யாமினிக்குப் போகலாமா மீராவுக்குப் போகலாமா என்று நடு வழியில் பஸ்ஸை விட்ட பேர் மாதிரி இருக்கிறது என்று சொல்ல வாய் வந்தது. "நல்லாருக்கு" என்றேன். பெரியம்மா என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். "அவங்க சொல்லிட்டுப் போறாவ. அத்தைன்னா நீங்கதான்" என்றாள். இந்தப் பிள்ளைக்கு என்ன பேர் வைத்தாலும் எனக்குச் சம்மதம்.

ஜூன் 10, செவ்வாய்

யாமிரா. சமைக்கும்போது சொல்லிப் பார்த்தேன். இருமல் மருந்து மாதிரி இருக்கிறது. காலையில் அரை மூடி யாமிரா, ராத்திரி அரை மூடி யாமிரா, சாப்பாட்டுக்குப் பிறகு. பல் தேய்க்கும்போது சொன்னேன், நுரைதான் வந்தது. வாயில் ஒட்டமாட்டேன் என்கிறது.

ஜூன் 12, வியாழன்

பேர் என்பது வீட்டுக்குள் முணுமுணுக்கிற சாமானா? நாலு பிள்ளை அழுது, ஃபேன் கடகடவென்று ஓடி, எவனாவது போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டுப் பார்த்தால்தான் அதன் லட்சணம் தெரியும். எத்தனை பேர் என் கண் முன்னால் பாதியில் தொண்டை அடைத்துச் செத்திருக்கிறது!

அதனால் இன்றைக்கு மதியத்துக்கு மேல், இரண்டு டோக்கனுக்கு நடுவில், கணீரென்று ஒரு குரல் விட்டேன். "யாமிரா!" ஹாலே திரும்பியது. கிளினிக் வழக்கம் மூன்று தடவை கூப்பிடுவது. அதனால் மூன்று தடவை கூப்பிட்டேன். மூன்றாவது தடவை ராகமே வந்துவிட்டது. கடைசி எழுத்தை இழுத்து விடலாம், எவ்வளவு தூரமும் போகும். இது மருந்துப் பேர் இல்லை. பெண் பிள்ளைப் பேர்தான். ரம்யா சமர்த்துதான்.

யாரும் வரவில்லை. யார் வருவார்கள்? அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன். கைக்குழந்தைக்குக் காமாலை பார்க்க வந்திருந்த ஒரு சின்னப் பெண், அது யார் பேர் என்று கேட்டாள். ஏதோ சொல்லி அனுப்பினேன்.

ஜூன் 15, ஞாயிறு

கழுகுமலை போனேன். வீடு முழுக்கப் பேர்க் கூட்டம். ரம்யாவின் அப்பா முருகன் பேர் வரணும் என்கிறார். பெரியம்மா 'க' வரிசையில்தான் வைக்கணும் என்கிறாள். மச்சான் ஒருவர் கூட்டுத்தொகை ஐந்து வரணும் என்று விரலை மடக்குகிறார். என்ன பேர் என்றுதான் சொல்லமாட்டாய், அர்த்தத்தையாவது சொல் என்று எல்லாரும் ரம்யாவைப் பிடுங்குகிறார்கள். அவள் பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போகிறேன் என்று உள்ளே ஓடிவிட்டாள்.

நான் பின்னாலேயே போய், "ஏன்ட்டி, ஊர்ல இருக்க நல்ல பேர்ல ஒண்ணு வச்சிட்டுப் போனா என்ன?" என்றேன், சும்மா அவள் வாயைக் கிளற.

"எங்க கிளாஸ்ல அஞ்சு ரம்யா மைனி. ஒருத்தி டாக்டர் மக, அவ வெறும் ரம்யா. ஒருத்தி நெட்டை ரம்யா. ரெண்டு பேருக்கு இனிசியலு. நான் கறுப்பு ரம்யா. பன்னெண்டாப்பு முடிக்கிற வரைக்கும் டீச்சர்மாரும் அப்படித்தான் கூப்பிட்டாவ. மார்க்சீட்டு வாங்கப் போன அன்னைக்கும் பியூன், கறுப்பு ரம்யா வந்துருக்குன்னுதான் உள்ள குரல் கொடுத்தாரு." பிள்ளையின் நெற்றியைத் தடவிக்கொண்டே சொன்னாள். "இவளும் என் நிறந்தான். இவ பேருக்கு முன்னால ஒரு வார்த்தையும் வந்து ஒட்டக்கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேணும்."

பிள்ளையை வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

ஐயோ.

அந்தச் சின்னப் பெண் மறுபடி வந்தாள். மாரிச்செல்வி, இளையரசனேந்தல் பக்கம், தீப்பெட்டி ஆபீஸ் வேலை. பிள்ளைக்குச் சளி. போன தடவை சீட்டில் மாரிச்செல்வி குழந்தை என்றுதான் எழுதியிருந்தேன். "இப்பப் பேரு வச்சாச்சுக்கா, எழுதிக்கோங்க" என்றாள். பேனாவை எடுத்தேன்.

"யாமிரா."

பேனா கீழே விழுந்தது. குனிந்து எடுக்க ரொம்ப நேரம் ஆனது.

"நீங்கதானக்கா அன்னைக்குக் கூப்பிட்டிய. காதுக்குள்ளயே நின்னுபோச்சு. வீட்டுக்குப் போயும் அதே நெனப்பு. எங்க வீட்டுக்காரரும் சரின்னுட்டாரு."

நல்ல பெண். முகமெல்லாம் சிரிப்பு. பிள்ளையும் நல்ல பிள்ளை. எனக்குத்தான் அந்த மூன்று எழுத்தைச் சீட்டில் எழுத மனசில்லை. எழுதினேன்.

ஜூன் 25, புதன்

ஊசி நாள். பேர் கூப்பிட்டேன். வேறு ஒன்றும் எழுதப் பிடிக்கவில்லை.

ஜூன் 27, வெள்ளி

மாரிச்செல்வி பிள்ளையைத் திரும்பக் காட்ட வந்தாள். நைசாகப் பேசி மாற்றிவிடலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அந்தப் பேருக்கு அர்த்தமே கிடையாதாம்மா."

"கூப்பிட நல்லாருக்குல்லா?"

"நாளைக்குப் பள்ளிக்கூடத்துல கேலி பண்ணுவாங்க. இருமல் மருந்து மாதிரி இருக்கு."

"எம்பிள்ளையக் கேலி பண்ணுனா பண்ணுனவன் இருமிக்கிட்டே போவான்."

"ஜோசியப்படி ஆகாதாம்."

"எனக்கு நாலு ஜோசியர் பாத்து வச்ச பேருக்கா மாரிச்செல்வி. என்ன வாழ்ந்துட்டேன்?"

இவளிடம் நான் தோற்றுப்போனேன். தம்பி மகள் பேரைப் பிறத்தியாள் பிள்ளைக்குத் தாரை வார்த்துவிட்டு, அதைத் திருப்பிக் கேட்க முடியாமல் முழிக்கிறவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஜூலை 1, செவ்வாய்

இந்தப் பக்கம் முடியவில்லை, அந்தப் பக்கம் முயன்றேன். ரம்யாவுக்குப் போன் பண்ணி, பேரை மாற்றினால் என்ன என்று மெல்ல ஆரம்பித்தேன். யாழினி எவ்வளவு நல்ல பேர், இல்லையென்றால் பொன்மலர், இல்லையென்றால் பெரியம்மா ஆசைப்பட்ட 'க' வரிசை.



"உங்களுக்கும் பிடிக்கலியா மைனி?" என்றாள். "எல்லாரும் சொல்லும்போது நீங்க ஒருத்தி எம்பக்கம் இருக்கியன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

பிடித்திருக்கிறது என்று சொல்லவேண்டியதுதானே, சண்டாளி. கூப்பிட்டுப் பார்த்தேன், தேன் மாதிரி இருந்தது, அதனால்தான் தொலைத்தேன் என்று சொல்லவேண்டியதுதானே. சொன்னால் பிள்ளையை என் மடியில் தருவாளா? "சும்மா கேட்டேன்" என்று வைத்துவிட்டேன்.

ஜூலை 7, திங்கள்

புதன்கிழமை இரண்டு பிள்ளைக்கும் ஒன்றரை மாச ஊசி. மாரிச்செல்வியை ஒன்பது மணிக்கே வரச் சொல்லியிருக்கிறேன். ரம்யாவிடம் கூட்டமாக இருக்கும், பன்னிரண்டுக்கு மேல் வா என்று சொல்லியாயிற்று. இந்த ஊரை நடத்த என்னிடம் விட்டால் நன்றாக நடத்துவேன்.

ஜூலை 9, புதன்

மாரிச்செல்வி பஸ்ஸை விட்டுவிட்டுப் பத்தரைக்கு வந்தாள். ரம்யா, "மைனி இருக்காக, முதல்லயே விட்ருவாக" என்று நாயகத்தைக் கிளப்பிக்கொண்டு பத்தரைக்கே வந்தாள். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பிள்ளைகளைக் காட்டி சிரித்துப் பேசிக்கொள்கிறார்கள். பேர் என்ன என்று மாரிச்செல்வி கேட்டிருப்பாள், ரம்யா சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாள்.

ரம்யா திருப்பிக் கேட்பதற்குள் மாரிச்செல்வி முறை வந்தது. பேரைச் சொன்னால் ரம்யாவுக்குக் கேட்டுவிடும்.

"பச்சைத் துண்டு, உள்ள போங்க" என்றேன்.

மாரிச்செல்வி தன் பிள்ளையைச் சுற்றியிருந்த பச்சைத் துண்டைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

"பச்சைத் துண்டுப் பாப்பா. உங்களத்தாம்மா."

"ஏன்க்கா, எம்பிள்ளைக்குப் பேரு இல்லையா?"

"இருக்கட்டும், டாக்டர் காத்துக்கிட்டு இருக்காரு."

"பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க, வாறேன். துண்டு, துணின்னா நாங்க வரமாட்டோம். தீப்பெட்டி ஆபீஸ்காரின்னா எளக்காரமா?"

ஹாலில் எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். ரம்யாவும் பார்க்கிறாள். அவள் முகம் ஏற்கனவே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதற்குள் டாக்டர் கதவைத் திறந்து தலையை நீட்டினார். கையில் சீட்டு.

"எங்கம்மா யாமிரா? யாமிரா!"

"இந்தா வந்துட்டோம்" என்று மாரிச்செல்வி எழுந்தாள்.

ரம்யாவும் எழுந்துவிட்டாள். பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, அவளுக்கே தெரியாமல் எழுந்துவிட்டாள்.

ஊசி போட்டு மாரிச்செல்வி வெளியே வரும்வரை நின்றுகொண்டே இருந்தாள். வந்ததும் மெதுவாகத்தான் கேட்டாள். "இந்தப் பேர எங்க பிடிச்சிய?"

"இந்தா, இந்த அக்காதான். ஒரு நாளு மூணு தடவ கூப்பிட்டாக. ஒருத்தரும் எந்திரிக்கல. என்னா குரலுங்க! யாரு பேரு அக்கான்னு கேட்டேன். 'எம்பொண்ணு பேரு'ன்னாக. அவங்க பொண்ணு வளந்துருக்கும், சின்னப் பிள்ளைக்கு நாம வச்சா என்ன குறைஞ்சா போவும்னு எடுத்துக்கிட்டேன்."

ரம்யா என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்குப் பெண் கிடையாது என்று அவளுக்குத் தெரியாதா என்ன. நான் மேஜையில் டோக்கனை அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்கியதையே கலைத்துக் கலைத்து அடுக்கினேன்.

அடுத்த சீட்டு அவளுடையது. "ரம்யா குழந்தை" என்று கூப்பிட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை. உள்ளே போனாள். பிள்ளை வீறிட்டது. வெளியே வந்து, என் மேஜைப் பக்கம் திரும்பாமல் நாயகத்தின் பைக்கில் ஏறிப் போய்விட்டாள்.

ஆமாம், சொன்னேன். அந்தப் பெண் கேட்டதும் அதுதான் வாயில் வந்தது. சொன்ன நேரத்துக்கு நன்றாகவும் இருந்தது.

ஜூலை 10, வியாழன்

இன்றைக்கு இருமல், சட்டை, துண்டு என்று யாரையும் கூப்பிடவில்லை. அம்மா பேரையும் சேர்த்துச் சொல்லித்தான் கூப்பிட்டேன். உடம்புக்கு என்ன என்று டாக்டர் கேட்டார்.

ஜூலை 11, வெள்ளி

போன் வரவில்லை. நானும் பண்ணவில்லை. பண்ணினேன், எடுக்கவில்லை.

ஜூலை 12, சனி

நாயகம் பேசினான். "நாளைக்கு நீ வந்துரு, அக்கா" என்றான். ரம்யா என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்ல மாட்டேங்கா. மலர்க்கொடிய வரச் சொல்லிட்டாங்களாம் பெரியம்மா" என்றான். பிள்ளைக்கு வாங்கிய கொலுசைப் பையில் எடுத்து வைத்தேன். அத்தையாக இல்லாவிட்டாலும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வரலாம். யார் தடுப்பார்கள்?

ஜூலை 13, ஞாயிறு

கழுகுமலை வீட்டுக்குள் நுழையும்போதே பார்த்துவிட்டேன். நடுவீட்டில் மனைப்பலகை போட்டு, மலர்க்கொடி பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூவோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பெரியம்மா. நான் ஓரமாகத் தண்ணீர்க் குடத்தின் பக்கம் போய் நின்றுகொண்டேன். அழக்கூடாது என்று ஒரே வைராக்கியம்.

ரம்யா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மலர்க்கொடி கையை நீட்டினாள். ரம்யா அவளைத் தாண்டி நேராக என்னிடம் வந்தாள்.

"அங்கன என்ன செய்யுதிய? வந்து உக்காருங்க."

"ஏளா, அவ எதுக்கு?" பெரியம்மா எழுந்துவிட்டாள். "மலரு உக்காந்துருக்கால்லா."

"மலர் மைனிக்குப் பேரு தெரியாது பெரியம்மா. இவங்களுக்குத்தான் தெரியும்."

"பேர மாத்தலியா?" என்று நான் அவள் காதோடு கேட்டேன்.

"எதுக்கு மாத்தணும்? அர்த்தம் என்ன, எழுத்து என்ன, கூட்டுத்தொகை என்னன்னு ஒரு மாசமா இந்த வீட்ல என்னைய அரிச்சு எடுத்துட்டாவ. முன்னப்பின்னத் தெரியாத ஒருத்தி நீங்க கூப்பிட்டதக் கேட்டு, மறுபேச்சுப் பேசாமத் தூக்கிட்டுப் போயிருக்கா. அப்ப நான் செஞ்ச பேரு நல்ல பேருதான?" கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. உடனே சிரிப்பை நிறுத்திவிட்டாள். "உங்க மேல கோவம் போகல. நெஞ்சு எரியுது. நாலு நாளாச் சோறு இறங்கல. அதுக்கு ஆடி முடியவும் உக்காந்து சண்டை போடுவோம். இப்ப வாங்க."

மலர்க்கொடி நல்லவள். தானாகவே எழுந்து இடம் விட்டாள். நான் உட்கார்ந்தேன். ரம்யா பிள்ளையை மடியில் கிடத்தினாள். குனிந்தேன். காதோடு மெதுவாகச் சொல்லவேண்டும் என்று தெரியும். ஒரு மாசமாகச் சொல்லிப் பழகியதும் தெரியும். ஆனால் வந்தது கிளினிக் குரல்.

"யாமிரா!"

பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எதிர்வீட்டு நாய் குரைத்தது. நாயகம் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். பிள்ளை அழவில்லை. விழித்து என் முகத்தையே பார்த்தது.

"யாமிரா." இது அவளுக்கு மட்டும் கேட்டிருக்கும்.

மூன்றாவது தடவை வாயைத் திறந்தேன். தொண்டை அடைத்துவிட்டது. பதினாலு வருஷத்தில் எந்தப் பேரும் எனக்கு இப்படி நின்றதில்லை. கண்ணீர் பிள்ளையின் சட்டையில் விழுந்தது. எல்லார் முன்னாலும்தான் அழுதேன்.

"ரெண்டுதான் ஆச்சு" என்றாள் பெரியம்மா. "மூணாவது எங்க? மூணு சொல்லணும்லா?"

"மெதுவாச் சொல்லட்டும் பெரியம்மா" என்றாள் ரம்யா. "அவங்க பொண்ணுதான. எங்க போயிறப் போறா?"